சினங்கொள்ளும் குடலும் சிராவகர் உணவொழுக்கமும்

(தசலட்சணப் பெருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற உடல்நலச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்று தானங்களை நான்காக வகுத்தது சமண அறம். உணவளித்தலோடு மருந்தளித்தலையும் சேர்த்தே அறமெனப் போற்றியது அது. தமிழில் ஏலாதி செய்த கணிமேதாவியாரும், சிறுபஞ்சமூலம் செய்த காரியாசானும் தத்தம் அறநூலுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் சேர்ந்த சூரணம் உடற்பிணி தீர்ப்பதுபோல, ஆறு கருத்துகள் சேர்ந்த ஒரு வெண்பா உயிர்ப்பிணி தீர்க்கும் என்பது ஏலாதியின் பெயர்க்காரணம். ஏலாசாரியரின் படைப்பெனத் தமிழ்ச் சமணர் போற்றும் திருக்குறளும் மருந்து என்னும் அதிகாரத்தில் மருந்துச் சரக்குகளைப் பட்டியலிடவில்லை. பசி, செரிமானம், உணவின் அளவு ஆகியவற்றையே பெரிதும் பேசுகிறது. எனவே அறவிழா மேடையில் வயிற்றுநோயைப் பற்றிப் பேசுவது இடத்திற்குப் பொருந்தாத செயலன்று.

இன்று எடுத்துக்கொள்ளப்படும் நோய், பலரும் வெளியே சொல்லக் கூசும் நோய். திருத்தல யாத்திரைக்குப் பேருந்தில் இடம் பதிவு செய்துவிட்டு, புறப்படும் நாளில் காரணம் சொல்லாமல் நின்றுவிடுவோர் உண்டு. பூசையின் நடுவே எழுந்து செல்ல நேருமோ என்று அஞ்சி, ஆலயத்தின் கடைசி வரிசையில் வாயிலருகே அமர்வோர் உண்டு. பெண் பார்க்க வந்த இடத்தில் வயிறு பிசைந்து, வியர்த்துப்போய் நின்ற இளைஞர்கள் உண்டு. இவர்களுக்கு உள்ளது சோம்பலுமன்று, பக்திக் குறைவுமன்று. அது ஒரு நோய். அதற்குப் பெயரும் உண்டு, வழியும் உண்டு.

நோயின் இயல்பு

மருத்துவர் இதனை ‘இரிட்டபிள் பவல் சின்ட்ரோம்’ என்றும், சுருக்கமாக ஐ.பி.எஸ். என்றும் வழங்குவர். தமிழில் குடல் எரிச்சல் நோய் என்கிறோம். இங்கு எரிச்சல் என்பது நெஞ்செரிச்சல் போன்றதொரு காந்தல் அன்று. சிறு சீண்டலுக்கும் பொங்கியெழும் இயல்பையே அச்சொல் குறிக்கிறது. சினங்கொள்ளும் குடல் என்றால் இன்னும் பொருந்தும்.

இதன் அடையாளங்களை மருத்துவ உலகம் வரையறுத்துள்ளது. ‘ரோம்’ வரையறை எனப்படும் அந்த நெறியின் நான்காம் பதிப்பு 2016-இல் வெளிவந்தது. அதன்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்திற்கு ஒரு நாளேனும் வயிற்றுவலி இருத்தல் வேண்டும். அவ்வலி மலங்கழித்தலோடு தொடர்புடையதாதல், மலம் கழியும் தடவைகளின் மாற்றத்தோடு வருதல், மலத்தின் தன்மை மாறுதலோடு வருதல் ஆகிய இம்மூன்றில் இரண்டேனும் பொருந்த வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும். சிலருக்கு மலச்சிக்கல் மிகுதி. சிலருக்குக் கழிச்சல் மிகுதி. சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். வயிற்று உப்புசம் பெரும்பாலோர்க்குப் பொது. இவ்வரையறையின்படி உலக மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு இந்நோய் உள்ளது; ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

நோயாளர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இந்நோயில் குடல் புண்ணாவதில்லை, அரிக்கப்படுவதில்லை. இது புற்றுநோயாக மாறுவதுமில்லை. குடலின் அமைப்பு நன்றாகவே இருக்கிறது. அதன் இயக்கமும் உணர்வுமே பிறழ்ந்துள்ளன. உள்நோக்கிக் கருவியால் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று மருத்துவர் கூறுவது இதனால்தான். ஒன்றுமில்லை என்பதற்கு ‘வலி பொய்’ என்று வீட்டார் பொருள்கொள்வது தவறு. வலி மெய், கண்ணால் காணத்தக்க புண் இல்லை என்பதே அதன் பொருள்.

ஏன் வருகிறது?

குடற்சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. அவை தமக்குள் ஒரு தனி ஆட்சியே நடத்துகின்றன. மூளையோடும் இடைவிடாது செய்தி பரிமாறிக்கொள்கின்றன. மனநிலையோடு தொடர்புடையதாகப் பேசப்படும் ‘செரட்டோனின்’ என்னும் பொருளில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் இருப்பது மூளையில் அன்று, குடலில். குடல் எரிச்சல் நோயில் இச்செய்திப் பரிமாற்றம் மிகைப்படுகிறது. பிறர் உணராத சிறு வாயு அசைவும் இவர்களுக்கு வலியாகத் தோன்றுகிறது. கடுமையான வயிற்றுப்போக்கு ஒன்று வந்து நீங்கிய பின், பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் தலைகாட்டுவதும் அறியப்பட்ட செய்தி. குடல்வாழ் நுண்ணுயிர்களின் மாற்றம், உறக்கக் குறைவு, நெடுநாள் மனவழுத்தம் ஆகியனவும் துணைசெய்கின்றன.

மனத்திற்கும் வயிற்றுக்கும் உள்ள உறவு மருத்துவ நூல்களில் நெடுங்காலமாகப் பதிவாகியுள்ளது. 1822-இல் வட அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்த அவருக்கு வயிற்றில் ஒரு துளை நிலைத்துவிட்டது. மருத்துவர் வில்லியம் போமான்ட் அத்துளை வழியே செரிமானம் நிகழ்வதைப் பல ஆண்டுகள் நேரில் கண்டு, 1833-இல் நூலாக வெளியிட்டார். கோபங்கொண்ட வேளைகளில் இரைப்பையின் செயல் மாறுவதையும் அவர் குறித்துவைத்தார்.

குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கையும் சமண நூல்கள் கஷாயங்கள் என்று அழைக்கின்றன. அடுப்பில் காய்ச்சும் கஷாயமும் அதே சொல்தான். ஒன்று உயிரில் கறையாய் ஒட்டுவது. மற்றொன்று உடலுக்கு மருந்தாவது. குடல் எரிச்சல் நோயாளர் பின்னதை மட்டும் தேடி, முன்னதைக் கவனியாது விடுவாராயின் நலம் பாதியே கிட்டும்.

முதற்படி மருத்துவரே

இயற்கை வழி என்பது மருத்துவரைத் தவிர்க்கும் வழியன்று. பின்வரும் அறிகுறிகளுள் ஒன்றேனும் இருப்பின் கைமருத்துவத்தில் ஒரு நாளும் கழிக்கலாகாது: மலத்தில் குருதி அல்லது கருநிற மலம், முயலாமலே உடல் எடை குறைதல், இரத்தசோகை, தொடர்ந்த காய்ச்சல், உறக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல், வயிற்றில் கட்டி தட்டுப்படுதல், ஐம்பதை ஒட்டிய வயதில் முதன்முறையாகத் தொல்லை தொடங்குதல், குடும்பத்தில் பெருங்குடற் புற்றுநோயோ குடலழற்சி நோயோ இருந்தமை. வயது முதிர்ந்தோர் மலத்தில் குருதி கண்டால் ‘மூலம்தான்’ என்று தாமே முடிவுகட்டி மாதக்கணக்கில் மறைத்துவிடுகின்றனர். வீட்டிலுள்ள இளையோர் இதனைக் கேட்டறிவது கடமை. மறைக்கப்பட்ட மாதங்களை எந்த மருத்துவராலும் திருப்பித் தர இயலாது.

அறிகுறிகள் இல்லாதவிடத்தும், எளிய இரத்தப் பரிசோதனை, தைராய்டு, மலத்தில் அழற்சியைக் காட்டும் ‘கால்புரோடெக்டின்’ போன்ற சோதனைகளை மருத்துவர் தேவைக்கேற்பப் பரிந்துரைப்பர். கோதுமையால் வரும் ‘சீலியாக்’ நோய்க்கான இரத்தச் சோதனையும் அவற்றுள் ஒன்று. கோதுமையை உண்டுகொண்டிருக்கும்போதே இச்சோதனை சரியான விடை தரும். ஆகவே சோதனைக்கு முன்பே சப்பாத்தியை நிறுத்திவிடுதல் கூடாது.

உணவில் எது துணை, எது தொல்லை?

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருபதாண்டுகளுக்கு முன் ஓர் உணவுமுறையை வகுத்தனர். ‘ஃபாட்மேப்’ என்பது அதன் பெயர். சில வகை மாவுச்சத்துகளும் சர்க்கரைகளும் சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. அவை நீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. நலமான குடல் இதனைப் பொறுத்துக்கொள்ளும். சினங்கொள்ளும் குடல் பொறுப்பதில்லை.

இப்பட்டியலில் முன்வரிசையில் நிற்பவை வெங்காயமும் பூண்டும். சமண இல்லங்கள் உயிரிரக்கம் கருதி விலக்கிவைத்த இவ்விரண்டையும் மருத்துவம் வேறொரு காரணத்தால் விலக்கச் சொல்கிறது. விரதத்தின் நோக்கம் வேறு, உடற்பயன் வேறு. எனினும் மற்றவர்கள் மிகவும் இடர்ப்பட்டு மேற்கொள்ளும் மாற்றம் சமண இல்லத்தாருக்குப் பழகிய வழக்கம். வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள் உணவகத்திலும் பொட்டலத் தின்பண்டங்களிலும் பூண்டுப்பொடியையும் வெங்காயப்பொடியையும் அறியாமலே உண்கின்றனர். வீட்டுக்கு வந்தால் வயிறு அடங்குகிறது என்று அவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆயினும் சமண உணவு முழுவதும் குடலுக்கு இதமானது என்று முடிவு கட்டுவதற்கில்லை. புலாலும் கிழங்கும் விலக்கிய இலையில் பருப்பும் பயறும் பாலும் கோதுமையும் மிகுதியாக இடம்பெறுகின்றன. கொண்டைக்கடலைச் சுண்டல், காராமணி, ராஜ்மா, உளுந்து வடை, கடலைப்பருப்புக் கூட்டு ஆகியன வாயுவை மிகுவிப்பவை. தென்னிந்தியரில் கணிசமானோர்க்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் இளமைக்குப் பின் குறைந்துவிடுவதால், விழாநாள் பால் பாயசம் சிலருக்கு மாலைக்குள் கழிச்சலாகிறது. மாம்பழம், ஆப்பிள், பேரிக்காய், தர்பூசணி, காலிஃபிளவர், அளவுமீறிய பேரீச்சை ஆகியனவும் தொல்லை தரக்கூடும். சர்க்கரைக்கு மாற்றாகச் சார்பிட்டால் சேர்த்த மிட்டாய்களும் அவ்வாறே.

மாறாக, அரிசிச்சோறு பெரும்பாலோர்க்கு இணக்கமானது. வெள்ளரி, கத்தரி, பீன்ஸ், வெண்டை, கீரை, சௌசௌ ஆகியவற்றை மிதமான அளவில் பலரும் தாங்குகின்றனர். பழங்களில் ஆரஞ்சு, பப்பாளி, அன்னாசி, அதிகம் கனியாத வாழை ஆகியன எளியவை. பருப்புகளில் பாசிப்பருப்பைச் சிறிதளவு குழைய வேகவைத்து உண்பது பலருக்கு ஒத்துவருகிறது. பயறு வகைகளை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைத்தால் வாயு உண்டாக்கும் சத்துகளில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். இரவில் ஊறவைப்பதைத் தவிர்க்கும் இல்லங்கள் விடிந்தபின் ஊறவைத்து நண்பகலில் சமைத்தல் தகும்.

நியமம் வேறு, யமம் வேறு

இவ்வுணவுமுறையில் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. பட்டியலைக் கண்டதும் அனைத்தையும் நிறுத்திவிட்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகின்றனர். உடல் மெலிகிறது, சத்து குறைகிறது, குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் பட்டினி கிடக்கின்றன.

சமந்தபத்திராசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் துறக்கும் முறையை இரண்டாகப் பகுக்கிறது. காலவரையறையோடு துறப்பது நியமம். வாழ்நாள் முழுமைக்கும் துறப்பது யமம். மருத்துவர் கூறும் இவ்வுணவு விலக்கு நியமமேயன்றி யமம் அன்று.

முதற்படி, நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஐயத்திற்குரியவற்றை விலக்கிப் பார்த்தல். குறையவில்லையெனில் இம்முறை பயனில்லை என்று கொண்டு பழைய உணவுக்குத் திரும்பிவிட வேண்டும். இரண்டாம்படி, குறைந்திருந்தால் ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்த்தல். ஒரு பொருளைச் சிறிதளவில் தொடங்கி, மூன்று நாட்கள் அளவைக் கூட்டிப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதுதல். மூன்றாம்படி, உண்மையில் ஒவ்வாதவற்றை மட்டும், அதுவும் ஒவ்வாத அளவிற்கு மட்டும், நிலையாகக் குறைத்தல். ஒருவருக்குப் பால் ஆகாது, தயிர் ஆகும். மற்றொருவருக்குச் சப்பாத்தி ஒன்று ஆகும், மூன்று ஆகாது. அண்டைவீட்டாரின் பட்டியல் தமக்குப் பொருந்தாது.

ஏற்கெனவே பல பொருள்களை விலக்கி உண்போர், பருப்பையும் பாலையும் ஒருங்கே நிறுத்தினால் புரதத்திற்கும் சுண்ணாம்புச்சத்திற்கும் வழி குறைந்துவிடும். சைவ உணவினர்க்கு ‘பி12’ குறைபாடும் எளிதில் வரும். எனவே உணவியல் வல்லுநரின் துணையோடு இதனைச் செய்தல் நன்று. வளரும் பிள்ளைகள், கருவுற்ற மகளிர், எடை குறைந்த முதியோர் ஆகியோர் தாமே முயலுதல் கூடாது.

நார்ச்சத்தும் கைமருந்தும்

நார்ச்சத்து நல்லது என்று கேட்டதும் கோதுமைத் தவிட்டைக் கரைத்துக் குடிப்போர் உளர். கரையாத நாராகிய தவிடு இந்நோயில் உப்புசத்தையும் வலியையும் கூட்டக்கூடும். கரையும் நாராகிய இசப்கோல் உமியே பயன் தருவது. வயிற்றுநோய் வல்லுநர்களின் வழிகாட்டு நெறிகளும் இதனைப் பரிந்துரைக்கின்றன. குஜராத்தில் பெருமளவில் விளையும் ஒரு செடியின் விதையுமி இது. மலச்சிக்கலில் மலத்தை இளக்கும். கழிச்சலில் நீரை ஈர்த்து இறுக்கும். நாளுக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல உயர்த்த வேண்டும். ஒரு முழுக் குவளை நீரோடு உட்கொள்ளுதல் இன்றியமையாதது. நீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்தாத நோன்புடையோர் இதனைப் படுக்கைக்கு முன் என்று வைத்துக்கொள்ளாமல், காலையிலோ மாலை உணவுக்கு முன்னோ வைத்துக்கொள்ள வேண்டும். பிற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை.

புதினா எண்ணெய் குடற்தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி வலியைக் குறைப்பது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. இரைப்பையைக் கடந்து குடலில் கரையும்படி உறையிட்ட மாத்திரையாகவே இதனை உட்கொள்ள வேண்டும். இல்லையேல் நெஞ்செரிச்சல் உண்டாகும். இங்கு சமண இல்லத்தார் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. மருந்துக்கூடுகள் பலவும் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினால் ஆனவை. தாவரப் பொருளால் செய்த கூடுகளும் கிடைக்கின்றன. மருத்துவரிடமும் மருந்துக்கடையிலும் கேட்டுப் பெறலாம். கேட்கக் கூசி மருந்தையே நிறுத்திவிடுவதுதான் ஆகாது.

பெருங்காயம், சீரகம், ஓமம், சுக்கு ஆகியன அஞ்சறைப் பெட்டியின் பழந்துணைகள். வெங்காயமும் பூண்டும் தரும் மணத்தைப் பெருங்காயம் ஈடுசெய்கிறது. சீரகம் கொதித்த நீரும், பெருங்காயம் கரைத்த நீர்மோரும் உணவுக்குப்பின் இதமளிப்பதைப் பலரும் அனுபவத்தில் கண்டுள்ளனர். இவை நோயை அடியோடு நீக்கும் மருந்துகள் அல்ல. வயிற்றை அமைதிப்படுத்தும் துணைகள். நிலாவாரை போன்ற பேதிச் சரக்குகளை நாள்தோறும் மருத்துவர் அறியாமல் உட்கொள்வது நன்றன்று. ‘மூன்றே வாரத்தில் முற்றும் குணம்’ என்று விளம்பரம் செய்யும் பெயர் தெரியாத பொடிகளை அறவே தவிர்த்தல் வேண்டும்.

உண்ணும் நேரமும் அளவும்

கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தல் சமணரின் பழவழக்கம். உண்டதற்கும் உறங்குவதற்கும் இடையே சில மணி நேரம் கிடைப்பது செரிமானத்திற்கு நன்மையே. ஆனால் இக்காலப் பணிச்சூழலில் அவ்வழக்கம் வேறொரு வடிவம் எடுத்துவிடுகிறது. அலுவலகத்திலிருந்து விரைந்து வந்து, கதிரவன் சாய்வதற்குள் பத்து நிமிடத்தில் இலை நிறைய உண்டு எழுவோர் பலர். விரைந்துண்ணுதலும் ஒரே வேளையில் மிகுத்துண்ணுதலும் சினங்கொள்ளும் குடலுக்கு ஆகாதவை. இயலுமிடத்து மாலை உணவை எடுத்துச் சென்று அலுவலகத்திலேயே அமைதியாக உண்ணலாம். நண்பகலுணவை முதன்மையாக்கி மாலையுணவைச் சிறிதாக்கலாம். நீரைப் பகற்பொழுதிலேயே பகிர்ந்து, நாளுக்கு எட்டுக் குவளையளவு அருந்துதல் நன்று. காப்பியும் தேநீரும் மூன்று குவளைக்கு மேற்படாதிருத்தல் வேண்டும்.

புறத்தவம் ஆறனுள் அனசனத்தை அடுத்து நிற்பது அவமோதரியம். முழுவயிற்றுக்கு 32 கவளம் என்று கணக்கிட்டு, அதனினும் குறைத்துண்ணுதலைத் தவமெனப் போற்றினர் முன்னோர். உண்ணாதிருத்தலினும் குறைத்துண்ணுதல் எளிதன்று. இலையின்முன் அமர்ந்தபின் கையை நிறுத்துவதற்கு மனவலிமை வேண்டும். குடல் எரிச்சல் நோயாளர்க்கு மிகவும் பொருந்தும் தவம் இதுவே.

நோன்பு நாட்களில்

தசலட்சண நாட்களில் இந்நோயாளர் உள்ளத்தில் ஒரு போராட்டம் நிகழ்கிறது. உபவாசம் இருந்தால் தலைவலியும் வயிற்றுப்பிசைவும் வருகின்றன. இராவிட்டால் சுற்றத்தார் என்ன எண்ணுவரோ என்னும் கூச்சம் வருகிறது. சிலர் உபவாசமே இந்நோய்க்கு மருந்து என்று கூறி வற்புறுத்துவதும் உண்டு. சிலருக்கு உண்ணாத நாளில் வயிறு அமைதியாக இருப்பது உண்மை. ஆயினும் வேளை தவறாமல் சிறுகச் சிறுக உண்பதே இந்நோயாளர்க்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. நெடும்பட்டினிக்குப் பின் பாரணையன்று பாலும் நெய்யும் பருப்பும் இனிப்பும் ஒருசேர இலையில் விழும்போது தொல்லை இருமடங்காகிறது.

தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற துறவும் ஆற்றலுக்கேற்ற தவமும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. ‘ஆற்றலுக்கேற்ப’ என்னும் அடைமொழியை ஆசாரியர்கள் வீணாகச் சேர்க்கவில்லை. ஆற்றலை மீறிய நோன்பு வேதனையையே நினைந்து நினைந்து நையும் ஆர்த்தத் தியானத்தில் உயிரைத் தள்ளிவிடும். அது நோன்பின் நோக்கத்திற்கே மாறானது. இத்தகையோர் முழு உபவாசத்திற்கு மாற்றாக அவமோதரியத்தையோ, ஒரு சுவையை விலக்கும் ரசபரித்தியாகத்தையோ, இத்தனை பொருள்களே உண்பேன் என்னும் வரையறையையோ துறவியர் வழிகாட்டலோடு ஏற்கலாம். உபவாசம் இருப்போர், பாரணையில் முதலில் நீரும் அரிசிக்கஞ்சியும், சில மணி நேரத்திற்குப் பின் குழைந்த சோறும் பாசிப்பருப்பும் என்று படிப்படியாகத் தொடங்குதல் நன்று. நீரிழிவு, குருதியழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் மேற்கொள்ளலாகாது.

மனத்திற்கான மருந்து

1984-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பீட்டர் வோர்வெல் என்னும் மருத்துவர், மருந்துகளுக்கு அடங்காத குடல் எரிச்சல் நோயாளர்க்கு ஆழ்ந்த மனத்தளர்வுப் பயிற்சி ஒன்றை அளித்து நற்பயன் கண்டார். அப்பயிற்சி இன்று உலகின் பல மருத்துவமனைகளில் பின்பற்றப்படுகிறது. 2011-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு, வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாட்கள் உடற்பயிற்சி செய்தோர்க்குத் தொல்லை குறைந்ததைக் காட்டியது. யோகப் பயிற்சியை ஃபாட்மேப் உணவுமுறையோடு ஒப்பிட்ட செருமானிய ஆய்வொன்றில், இரண்டும் ஏறத்தாழ ஒத்த பயனை அளித்தன.

48 நிமிடங்கள் சமநிலையில் அமரும் சாமாயிகம் சமண இல்லறத்தாரின் சிட்சாவிரதங்களுள் ஒன்று. அதனை வயிற்றுநோய்க்கு மருந்தாகச் சுருக்குவது தகாது. அதன் இலக்கு உயிரின் தூய்மை. ஆயினும் விருப்பும் வெறுப்பும் அடங்கி, மூச்சு நீண்டு, உடல் தளர்ந்திருக்கும் அவ்வேளையில் குடலும் இளைப்பாறும். 48 நிமிடம் இயலாதவர் பத்து நிமிடத்தில் தொடங்கலாம். வலி வந்தவுடன் ‘ஐயோ, மீண்டும் வந்துவிட்டதே’ என்னும் அச்சம் எழுகிறது. அச்சம் வலியை வளர்க்கிறது. வளர்ந்த வலி மேலும் அச்சத்தைத் தருகிறது. வலியை அறிபவனாக மட்டும் நின்று, அதனோடு ஒன்றிப்போகாதிருக்கும் பயிற்சி இச்சங்கிலியை அறுக்கிறது. துயரம் மிகுந்தால் மனநல மருத்துவரை நாடுவதில் இழுக்கொன்றுமில்லை.

குடும்பமும் சங்கமும் செய்யத்தக்கவை

இந்நோயின் சுமையில் பாதி வலி, மறுபாதி வெட்கம். வலியைக் குறைக்க மருத்துவம் உண்டு. வெட்கத்தைக் குறைக்கச் சுற்றத்தாரே வேண்டும். விருந்தில் ‘இன்னும் ஒரு கரண்டி’ என்று வற்புறுத்தாதிருத்தல், ‘எல்லாம் மனப்பிரமை’ என்று இகழாதிருத்தல், கழிப்பறையில் நேரமாவதைக் கேலி பேசாதிருத்தல் ஆகியன செலவற்ற ஔஷத தானங்கள். வீட்டில் அனைவர்க்கும் சமைத்துவிட்டுத் தமக்கென வேறு சமைக்க நேரமின்றி, ஒவ்வாததையே உண்டு துன்புறும் தாய்மார்கள் பலர். அவர்களுக்கு ஒத்துவரும் கூட்டையும் ரசத்தையும் வாரத்தில் சில நாட்களேனும் வீடு முழுவதும் உண்பது பெரிய தியாகமன்று.

சங்கத்தாரும் சிலவற்றைச் செய்யலாம். மேல்சித்தாமூர், பொன்னூர்மலை, திருமலை போன்ற தலங்களுக்குச் செல்லும் யாத்திரைப் பேருந்துகள் ஒன்றரை மணிக்கொரு முறை கழிப்பறை உள்ள இடத்தில் நிற்கும் என்று அறிக்கையிலேயே குறிப்பிட்டுவிட்டால், தயங்கி நின்றோர் பலர் துணிந்து வருவர். விழாப் பந்தியில் பால் சேராத ஓர் இனிப்பும், பருப்பு குறைந்த ஒரு கூட்டும், தாராளமாக நீர்மோரும் இடம்பெறலாம். பூசையின் நடுவே எழுந்து சென்று திரும்புவோரை எவரும் திரும்பிப் பாராதிருக்கலாம்.

பத்து அறங்களுள் முதலாவது உத்தம க்ஷமை. விழா நிறைவில் எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுகிறது சமணர் உலகம். அப்பொறுமையில் ஒரு சிறு பங்கு சொந்த உடலுக்கும் உரியதாகட்டும். ஒவ்வாததை அறிந்து விலக்கி, ஒத்ததை அளவோடு உண்டு, மறைக்கத் தகாததை மருத்துவரிடம் மறையாது உரைத்து, ஆற்றலுக்கேற்ற தவத்தில் நிலைபெற்று, இல்லறத்தார் அனைவரும் நோயற்று வாழ்வாராக!

ஜெய ஜினேந்திர!